கிட்டாரில் முதல் கார்டுகள்: புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலை நேரங்களில் வீட்டில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் வருகிறது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரும் வருகிறார். முதல் இரண்டு மூன்று மாதங்களில் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் நேரில் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. கிட்டாரை மடியில் வைத்தால் தரைப் பக்கம் இருக்கும் மெல்லிய கம்பி 1, உங்கள் முகத்துக்கு அருகில் இருக்கும் தடிமனான கம்பி 6. கார்டுகளை எண்களாகத் தரும்போது 6-ஆம் கம்பியில் தொடங்கி 1-ஆம் கம்பியில் முடிப்பேன். எண் என்பது அழுத்த வேண்டிய ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்; தலைப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். 0 என்றால் கம்பியை அழுத்தாமல் ஒலிக்கவிட வேண்டும். × என்றால் அந்தக் கம்பியை வாசிக்கக் கூடாது.

கார்டு என்றால் என்ன? மேஜர், மைனர் என்கிறார்களே, அது என்ன வித்தியாசம்?

மூன்று ஸ்வரங்களையோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கவிட்டால் அது கார்டு. கொஞ்சம் பாட்டு கற்றவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மேஜர் கார்டு என்பது ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டு சாதாரண காந்தாரத்தை வைத்தால் மைனர். ஷட்ஜமும் பஞ்சமமும் அப்படியே இருக்கும். காந்தாரம் மட்டும் அரைப்படி, அதாவது ஒரு ஃப்ரெட், இறங்கும்.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட கையால் செய்து பாருங்கள். ஈ மேஜர் கார்டு 0-2-2-1-0-0. நடுவிரல் 5-ஆம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டில், மோதிர விரல் 4-ஆம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டில், ஆள்காட்டி விரல் 3-ஆம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில். இந்த ஆறு கம்பிகளையும் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினால் கேட்பது ச ப ச க ப ச. இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குங்கள். 3-ஆம் கம்பி அரைப்படி இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் கார்டின் முகமே மாறிவிடும். அதுதான் ஈ மைனர். ஆறு கம்பிகளில் ஒரே ஒரு காந்தாரம்தான் அந்த வேலையைச் செய்கிறது. முதல் வகுப்பிலேயே நான் இதைச் செய்துகாட்டுவேன். விரலை வைத்தும் எடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எந்த கிட்டார் வாங்கலாம்? நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா?

இரண்டிலும் கற்கலாம். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் கழுத்து ஒடுக்கம்; நட் (கழுத்தின் தலை முனையில் கம்பிகள் தங்கும் சின்னப் பட்டை) பக்கத்தில் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் அதே இடம் 52 மில்லிமீட்டர் வரை அகலும். நைலான் விரலுக்கு மென்மை, ஆனால் சிறிய கைக்குக் கழுத்து அகலமாகத் தெரியும். சினிமாப் பாட்டுக்கு ஸ்ட்ரம்மிங் (கம்பிகளைச் சேர்த்துத் தாளத்தோடு மீட்டுவது) செய்ய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் ஸ்டீல் கம்பியைத்தான் சொல்வேன். வாங்கும்போதே 10-47 அளவு (1-ஆம், 6-ஆம் கம்பிகளின் தடிமனைக் குறிக்கும் எண்கள்) மெல்லிய கம்பி போட்டுத் தரச் சொல்லுங்கள். அது 12-53 அளவைவிட விரலுக்கு எவ்வளவோ இதம்.

மரம், நிறம், பெயர் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கம்பி ஃப்ரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அது. ஆக்‌ஷன் என்பார்கள். என் முதல் கிட்டாரில் இது அளவுக்கு மீறிய உயரம். யாரும் சொல்லித்தரவில்லை. பல மாதங்கள் என் விரலில்தான் பலமில்லை என்று நினைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் ரிப்பேர் தெரிந்த ஒருவர் பிரிட்ஜில் (பாடியின் மேல் கம்பிகள் பொருந்தும் மரத் துண்டு) இருக்கும் வெள்ளைத் துண்டை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து உயரம் குறைத்து மாட்டிக் கொடுத்தார். அரைமணி நேர வேலை. அன்று மாலையே சி கார்டு சுத்தமாக வந்தது.

உங்கள் கிட்டாரைச் சோதிக்க எளிய வழி உண்டு. எழுத்துகள் புடைக்காத ஏடிஎம் அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். 12-ஆம் ஃப்ரெட்டின் உலோகப் பட்டைக்கும் அதன் மேல் செல்லும் 6-ஆம் கம்பிக்கும் நடுவில் மூன்று அட்டை அடுக்கினால் சரியாக நுழைய வேண்டும். ஐந்து அட்டை தாராளமாக நுழைந்தால் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கிட்டாரைச் சரி செய்யுங்கள்.

ட்யூனிங்கை எப்படிச் சரிபார்ப்பது?

தடிமனான கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கட்டைக் கணக்கில் (நம் பாட்டில் ஸ்ருதியைச் சொல்லும் எண்; சி ஒரு கட்டை) 3, 6, 2, 5, 7, 3. வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால் அதிலேயே ஒத்துப்பார்க்கலாம். இல்லையென்றால் கிட்டார் தலையில் மாட்டும் கிளிப் ட்யூனரோ போனில் ஒரு ட்யூனர் ஆப்போ போதும். 5-ஆம் கம்பி 110 ஹெர்ட்ஸ். 6-ஆம் கம்பியின் ஈ ஏறக்குறைய 82, 1-ஆம் கம்பியின் ஈ ஏறக்குறைய 330. இரண்டுக்கும் நடுவில் இரண்டு ஸ்தாயி.

ட்யூனர் கையில் இல்லாத நாளும் வரும். 6-ஆம் கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஒலியும் திறந்த 5-ஆம் கம்பியும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படியே ஒவ்வொன்றாக இறங்கி வரலாம். 3-ஆம் கம்பியிலிருந்து 2-ஆம் கம்பிக்கு மட்டும் 4-ஆம் ஃப்ரெட். இந்தப் பழக்கம் காதுக்கு நல்ல பயிற்சி, வாரம் ஒருமுறையாவது செய்யுங்கள்.

கம்பியை எப்போதும் கீழிருந்து மேலேற்றி நிறுத்துங்கள். ஸ்ருதி அதிகமாகிவிட்டால் அங்கிருந்தே கொஞ்சம் தளர்த்தி விட்டுவிடாதீர்கள். நன்றாகத் தளர்த்தி, மறுபடி ஏற்றி வாருங்கள். இல்லாவிட்டால் நாலு முறை வாசிப்பதற்குள் இறங்கிவிடும்.

முதலில் எந்தக் கார்டுகள்?

பலர் சி-யில் தொடங்குகிறார்கள், பியானோ பழக்கத்தில். கிட்டாரில் சி முதல் கார்டு அல்ல. மூன்று விரலும் மூன்று ஃப்ரெட்டில் படிக்கட்டுபோல நிற்க வேண்டும். புதிய கைக்கு அது கஷ்டம். நான் சொல்லித்தரும் வரிசை இது:

ஈ மைனர்: 0-2-2-0-0-0
ஈ மேஜர்: 0-2-2-1-0-0
ஏ மைனர்: ×-0-2-2-1-0
சி: ×-3-2-0-1-0
ஜி: 3-2-0-0-0-3
டி: ×-×-0-2-3-2

அப்புறம் ஏ (×-0-2-2-2-0), டி மைனர் (×-×-0-2-3-1). இந்த எட்டும் வந்துவிட்டால் நிறையப் பாட்டுகளுக்குள் நுழைந்துவிடலாம்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஈ மைனரில் ஒரு விரல் சேர்த்தால் ஈ மேஜர். ஈ மேஜரின் மூன்று விரல்களையும் அப்படியே ஒரு கம்பி கீழே தள்ளினால் ஏ மைனர். ஏ மைனரில் மோதிர விரலை மட்டும் எடுத்து 5-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் சி. ஒவ்வொரு கார்டும் முந்தைய கார்டிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் இருக்கிறது.

அழுத்தினாலும் சத்தம் "டப்" என்று வருகிறது, அல்லது கரகரக்கிறது. என்ன செய்வது?

கார்டைப் பிடித்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எந்தக் கம்பி கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மொத்தமாக ஸ்ட்ரம் செய்துவிட்டு "சரியாக வரவில்லை" என்று சொல்வதில் பயனில்லை.

கரகரப்பு என்றால் பெரும்பாலும் விரல் ஃப்ரெட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. இரண்டு உலோகப் பட்டைகளின் நடுவில் விரலை வைக்காதீர்கள். பாடிப் பக்கம் இருக்கும் பட்டையை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் வையுங்கள். ஒரு சோதனை: கம்பியை ஓர் இடத்தில் தொட்டு, தட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். எந்த நொடியில் ஒலி தெளிகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றும். ஆமாம், அவ்வளவு போதும். அதற்கு மேல் அழுத்தினால் கம்பி இழுபட்டு ஸ்ருதி ஏறும். ட்யூனர் சரி என்று காட்டியும் கார்டு பிசிறடிக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

"டப்" என்று செத்த ஒலி வந்தால் பக்கத்து விரலின் சதை அந்தக் கம்பியில் படுகிறது. சி கார்டில் 3-ஆம் கம்பியும் 1-ஆம் கம்பியும் இப்படி அடிக்கடி சாகும். விரலின் கடைசிக் கணுவை மடித்து நுனியால் நில்லுங்கள். அதற்கு இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் வந்தால் நான் முதலில் நகவெட்டியைத்தான் கையில் கொடுப்பேன்.

கட்டைவிரலையும் கவனியுங்கள். கழுத்தின் பின்னால், நடுவிரலுக்கு நேர் எதிரே, லேசாக. ஒரு மாணவி ஜி கார்டு பிடித்தபோது அவள் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு இறுக்கம். கட்டைவிரலை முழுக்க எடுத்துவிட்டு, கையின் எடையாலும் முழங்கையின் இழுப்பாலும் மட்டும் கார்டைப் பிடிக்கச் சொன்னேன். ஒலி வந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை.

விரல் நுனி வலிக்கிறது. எத்தனை நாள்?

இரண்டு மூன்று வாரம். தோல் தடிக்கும் வரை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு இரண்டு மூன்று முறை எடுங்கள். குளித்துவிட்டு வந்த உடனேயோ பாத்திரம் கழுவிய உடனேயோ வாசிக்காதீர்கள். ஊறிய தோலில் கம்பி கத்திபோல இறங்கும்.

விரல் நுனி வலி வேறு, மணிக்கட்டு வலி வேறு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். உட்காரும் விதமோ பிடிக்கும் விதமோ தவறு என்று பொருள்; அதைத் தாங்கிக்கொண்டு பழக வேண்டிய அவசியமே இல்லை.

கார்டு தனித்தனியாக வருகிறது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நின்றுவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். கார்டு கற்பது என்று நாம் சொல்வது உண்மையில் மாற்றம் கற்பதுதான். சி-யும் ஜி-யும் தெரியும் என்றால் போதாது. சி-யிலிருந்து ஜி-க்குப் போகும் பாதை தெரிய வேண்டும், ஜி-யிலிருந்து சி-க்குத் திரும்பும் பாதையும் தெரிய வேண்டும். படத்தைப் பார்த்து இருபது கார்டு மனப்பாடம் செய்து வருகிறவர்களால் இரண்டு கார்டு உள்ள பாட்டைக்கூட வாசிக்க முடியாமல் போவது இதனால்தான். நான்கு கார்டை எடுத்து, அவற்றுக்கு நடுவில் உள்ள பாதைகளைத் தேய்த்து வழவழப்பாக்கினால் ஒரு மாதத்தில் பாட்டு வரும்.

முதலில் எந்த விரல் நகரத் தேவையில்லை என்று பாருங்கள். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் புதிதாகக் கற்பவர் என்ன செய்கிறார்? மூன்று விரலையும் தூக்கி, கையைக் காற்றில் விரித்து, மறுபடி ஒவ்வொன்றாக இறக்குகிறார். அசையாத விரலைத் தூக்காமல் இருப்பது மட்டுமே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து, எந்த விரல்கள் சேர்ந்து நகர்கின்றன என்று பாருங்கள். ஜி-யை மோதிர விரல் 6-ஆம் கம்பியிலும், நடுவிரல் 5-ஆம் கம்பியிலும், சுண்டுவிரல் 1-ஆம் கம்பியிலும் வைத்துப் பிடியுங்கள். சி-க்குப் போக மோதிர விரலும் நடுவிரலும் இருவருமாக ஒரு கம்பி கீழே இறங்கினால் போதும். ஆள்காட்டி விரல் 2-ஆம் கம்பியில் வந்து சேரும், சுண்டுவிரல் எழுந்துகொள்ளும். பல புத்தகங்களில் ஜி-க்கு சுண்டுவிரல் இல்லாத பிடி இருக்கும். அதில் சி-க்கு மாறுவது வீண் அலைச்சல். சுண்டுவிரல் முதல் வாரம் ஒத்துழைக்காது. இரண்டாம் வாரம் ஒத்துழைக்கும்.

ஜி, டி அடிக்கடி மாறும் பாட்டென்றால் இன்னொரு பிடி உண்டு. ஜி-யை 3-2-0-0-3-3 என்று, மோதிர விரலை 2-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் வைத்துப் பிடியுங்கள். டி-யிலும் மோதிர விரலின் இடம் அதேதான். அதை நங்கூரம்போல வைத்துக்கொண்டு மற்ற விரல்களை மட்டும் மாற்றலாம். சி-க்குப் பதில் ×-3-2-0-3-3 பிடித்தால் அங்கேயும் மோதிர விரல் அசையாது. அந்தக் கார்டுக்கு சி ஆட் நைன் என்று பெயர். சி-க்குப் பதிலாகப் பல இடங்களில் அழகாகவே பொருந்தும்.

இனி பயிற்சி. ஒரு கார்டைப் பிடியுங்கள். விரலை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். பத்து முறை. அப்புறம் விரல்களை அதே வடிவத்தில் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, எல்லாம் ஒன்றாக இறங்குவதுபோல வையுங்கள். பத்து முறை. கை அந்த வடிவத்தைக் காற்றிலேயே ஞாபகம் வைத்துக்கொள்ளத் தொடங்கும்.

பிறகு இரண்டு கார்டு எடுத்து போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, எத்தனை முறை மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு கார்டுக்கு ஒரு ஸ்ட்ரம். நோட்டில் தேதி போட்டு எண்ணை எழுதுங்கள். முதல் நாள் எட்டோ பத்தோ வரும். முப்பதைத் தாண்டியதும் மெதுவான பாட்டு வாசிக்கலாம். அறுபது வந்தால் அந்த ஜோடியை விட்டுவிட்டு அடுத்த ஜோடிக்குப் போங்கள். அந்த நோட்டு முக்கியம். முன்னேற்றமே இல்லை என்று மனம் சோர்ந்த நாளில் போன வாரத்து எண்ணைப் பார்த்தால் தெரியும்.

பாட்டுக்குள் மாறும்போது வலது கையை நிறுத்தவே கூடாது. இடது கை இன்னும் வந்து சேரவில்லையா? பரவாயில்லை, வலது கை அடிக்கட்டும். கார்டின் கடைசி மேல் ஸ்ட்ரோக்கின்போது விரல்கள் எழுந்து திறந்த கம்பிகள் ஒலித்தால் அது பிழை அல்ல. நன்றாக வாசிப்பவர்களும் அப்படித்தான் மாறுகிறார்கள். வேகத்தில் காதுக்குத் தெரிவதில்லை. தாளம் நின்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்ட்ரம்மிங் எப்படிப் பழகுவது?

பிக்கை (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) நுனி கொஞ்சமே தெரியும்படி, பறவைக் குஞ்சைப் பிடிப்பதுபோல லேசாகப் பிடியுங்கள். அசைவு மணிக்கட்டில் இருக்கட்டும். முதலில் எண்ணிக்கைக்கு ஒரு கீழ் ஸ்ட்ரோக்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். இது சலிப்பாக இருந்தாலும் ஒரு வாரம் இதிலேயே இருங்கள்.

அடுத்து எல்லோரும் கற்கும் பேட்டர்ன்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். இதன் ரகசியம் கை எப்போதும் சமமாகக் கீழும் மேலும் போய்க்கொண்டே இருக்கிறது என்பதுதான். மூன்றாவது எண்ணிக்கையில் கை கீழே இறங்குகிறது, ஆனால் கம்பியைத் தொடுவதில்லை. கையை நிறுத்தி நிறுத்திச் செய்தால் இந்த பேட்டர்ன் ஒருநாளும் ஓடாது.

நம் சினிமாப் பாட்டுகளில் ஆறு எண்ணிக்கையில் ஓடுபவை நிறைய. அவற்றுக்கு இந்த பேட்டர்ன் சேராது. வாயால் "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டு ஆறு கீழ் ஸ்ட்ரோக் அடியுங்கள். இரண்டு "த"-விலும் கொஞ்சம் அழுத்தம். வேகம் வந்த பிறகு மேல் ஸ்ட்ரோக் சேர்க்கலாம். பாட்டைக் கேட்கும்போது தொடையில் தட்டிப் பாருங்கள். "தகதிமி" பொருந்துகிறதா, "தகிட" பொருந்துகிறதா? அதை முடிவு செய்துவிட்டு கிட்டாரை எடுங்கள்.

முதலில் எந்தப் பாட்டு வாசிக்கலாம்?

பிறந்தநாள் பாட்டு. வருடம் முழுவதும் தேவைப்படும், எல்லோருக்கும் மெட்டு தெரியும், மூன்றே கார்டு. ஜி ஸ்கேலில், அதாவது ஜி-யை ஷட்ஜமாக வைத்தால், முதல் வரி ஜி-யில் தொடங்கி டி-யில் முடியும். இரண்டாம் வரி டி-யிலிருந்து ஜி. மூன்றாம் வரி ஜி-யிலிருந்து பெயர் வரும் இடத்தில் சி. கடைசி வரி சி-யிலிருந்து ஜி, டி, ஜி. எண்ணிக்கை மூன்று மூன்றாக ஓடும்.

ஜி, சி, டி மூன்றும் ஏன் சேர்ந்து வருகின்றன? ஜி ஸ்கேலில் அவை ச, ம, ப மீது கட்டிய கார்டுகள். சி ஸ்கேலில் அதே இடத்தில் சி, எஃப், ஜி நிற்கும். இவற்றோடு ஒரு மைனர், ஜி-க்கு ஈ மைனர், சி-க்கு ஏ மைனர், சேர்த்தால் நான்கு. பிடித்த பாட்டின் கார்டைத் தேடும்போது முதலில் இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்டுகளில் தவறுகள் நிறைய இருக்கும், காதுதான் கடைசி வார்த்தை.

எஃப் கார்டு வரவே இல்லை. விட்டுவிடலாமா?

வேண்டாம், ஆனால் தள்ளிப்போடலாம். முழு எஃப் 1-3-3-2-1-1. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். முதல் ஃப்ரெட் நட்டை ஒட்டி இருப்பதால் கம்பி அங்கே விறைப்பு அதிகம். இடைவெளியும் அங்கேதான் அதிகம்: நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 25.5 அங்குலம் உள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர், 12-ஆவது ஃப்ரெட் 19 மில்லிமீட்டர்தான். கழுத்தின் மிகக் கடினமான இடத்தில் மிகக் கடினமான பிடியைக் கேட்கிறது எஃப். உங்கள் விரலில் குறையில்லை.

முதலில் ×-×-3-2-1-0 பிடியுங்கள். எஃப் மேஜர் செவன். சி-யில் ஆள்காட்டி விரலை அசைக்காமல் மற்ற இரண்டு விரலையும் ஒரு கம்பி கீழே இறக்கினால் வந்துவிடும். அது பழகியதும் ஆள்காட்டி விரலைச் சாய்த்து 1, 2 கம்பிகள் இரண்டையும் அழுத்துங்கள். ×-×-3-2-1-1, சின்ன எஃப்.

முழு பாரே (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பிடி) பழக 5-ஆம் ஃப்ரெட்டுக்குப் போங்கள். அங்கே அதே வடிவம் ஏ மேஜர்: 5-7-7-6-5-5. ஆள்காட்டி விரலின் உள்பக்கச் சதையால் அழுத்தாதீர்கள். விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, எலும்பு தெரியும் ஓரத்தால் அழுத்துங்கள். அங்கே வந்ததும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். என் மாணவர்களுக்கு இது இரண்டு மூன்று மாதம் எடுக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

இருபது நிமிடம். ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருகிறவரை, தினம் இருபது நிமிடம் வாசிக்கும் பிள்ளை எளிதாகத் தாண்டிப் போகும். கிட்டாரைப் பைக்குள் போட்டு அலமாரி மேல் வைக்காதீர்கள். வெயில் படாத சுவரோரம் ஸ்டாண்டில் நிற்கட்டும்.

கம்பி எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

தினமும் வாசித்தால் இரண்டு மூன்று மாதம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். விரலை ஓட்டினால் சொரசொரப்பாகப் பட்டால் மாற்றிவிடுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்தால் ஆயுள் நன்றாகவே நீளும். மூடிய காருக்குள் வெயிலில் விடவே கூடாது. பிரிட்ஜ் பசை விட்டுப்போகும்.

சின்னப் பிள்ளைகள், இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள்?

கை எட்டாத பிள்ளைக்கு முக்கால் அளவு கிட்டார், நைலான் கம்பி. இடதுகைக்காரர்களில் பலர் சாதாரண கிட்டாரிலேயே கற்கிறார்கள். தாளம் தட்டச் சொன்னால் எந்தக் கை தானாக முன்வருகிறது என்று பாருங்கள். இடதுதான் என்றால் இடதுகைக் கிட்டாரே வாங்குங்கள். சாதாரண கிட்டாரில் கம்பியை மட்டும் தலைகீழாக மாற்றிப் போடுவது சரிப்படாது. நட், பிரிட்ஜ் இரண்டும் அதற்கேற்ப மாற வேண்டும்.

கர்நாடக சங்கீதம் கற்கிறேன். கார்டு பழகினால் கெடுதல் உண்டா?

இல்லை. நம் சங்கீதத்தில் கார்டு கிடையாது, கமகம்தான் உயிர். கார்டு பாட்டுக்கு அடியில் விரிக்கும் பாய்போல. இரண்டும் வேறு வேறு பழக்கம். கிட்டாரிலேயே கமகத்தோடு முழுக் கச்சேரி வாசிக்கிறார் பிரசன்னா; ஃப்ரெட் உள்ள மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் வாசித்ததை நாம் கேட்டிருக்கிறோம். உங்களுக்கு ஸ்ருதி ஞானம் ஏற்கெனவே இருப்பதால் ட்யூனிங்கும் கார்டு கண்டுபிடிப்பதும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும்.

கார்டு வருகிறது, ஆனால் என் குரலுக்கு ஸ்ருதி ஒத்துவரவில்லை. எல்லாக் கார்டையும் மாற்றிக் கற்க வேண்டுமா?

கேப்போ வாங்குங்கள். கழுத்தில் கவ்விக்கொள்ளும் சின்னக் கிளிப். அதை எந்த ஃப்ரெட்டில் மாட்டுகிறீர்களோ, எல்லாக் கம்பியும் அத்தனை அரைப்படி உயரும். விரல் வடிவங்கள் மாறாது. ஃப்ரெட் பட்டையை ஒட்டியே மாட்டுங்கள், மாட்டியபின் ட்யூனிங்கை ஒருமுறை பாருங்கள்.

கட்டைக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். சி வடிவம் ஒரு கட்டை; கேப்போவை முதல் ஃப்ரெட்டில் வைத்தால் ஒன்றரை, இரண்டாவதில் இரண்டு. ஜி வடிவம் ஐந்து கட்டை. முதல் ஃப்ரெட்டில் ஐந்தரை, இரண்டாவதில் ஆறு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் அரைக்கட்டை கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் குரல்கள் பல ஒன்றோ ஒன்றரையோ கட்டைப் பக்கம் நிற்கும், பெண் குரல்கள் ஐந்து, ஐந்தரைப் பக்கம்.

கையெட்டாத பிள்ளைகளுக்கும் நான் முதல் மாதம் கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டிவிடுவேன். ஃப்ரெட்டுகள் நெருங்கி வரும், கம்பியும் தாழும்.

போன வருடம் ஒரு பையன் ஜி, சி, டி, ஈ மைனர் நான்கையும் தேற்றிவிட்டு, "அம்மாவுக்கு வாசித்தேன் சார், அவங்களால் சேர்ந்து பாட முடியல, ஸ்ருதி இறக்கமா இருக்குன்னாங்க" என்றான். அம்மா சின்ன வயதில் பாட்டு கற்றவராம். அவருக்கு எத்தனை கட்டை என்று கேட்டுவரச் சொன்னேன். ஐந்தரை. கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வகுப்புக்கு அம்மாவும் கூடவே வந்திருந்தார். பையன் ஜி பிடித்தான். அவர் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். டி-க்கு மாறும் இடத்தில் பையன் கொஞ்சம் தடுமாறினான். வலது கை மட்டும் நிற்கவில்லை.